ஈசியு மாற்றிய வண்டியைப் புகைப் பரிசோதனையில் தேற வைப்பது

முதல் முறை தோற்றபோது தந்த சீட்டை இன்னும் ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம், ஹைட்ரோகார்பன் 410 பிபிஎம், லாம்டா 0.95. (லாம்டா என்பது காற்று-பெட்ரோல் கலவையின் அளவு: 1 என்றால் சரி, கீழே போனால் பெட்ரோல் அதிகம், மேலே போனால் கலவை மெலிவு.) கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் கருவி) உள்ள பெட்ரோல் வண்டிக்குப் பல நாடுகளில் இருக்கும் வரம்பைச் சொன்னால் என் நிலைமை புரியும். ஐடிலிங்கில் மோனாக்சைடு 0.3 அல்லது 0.5 சதவீதம், 2500 ஆர்பிஎம்மை ஒட்டி வைத்துப் பார்க்கும்போது அதையும்விடக் குறைவு, அப்போது ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள், லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில். நான் எதிலும் தேறவில்லை. இத்தனைக்கும் கன்வெர்ட்டர் புதிது, எஞ்சினில் குறை இல்லை, மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியுவுக்குச் சொல்லும் அட்டவணை) நானே பல வாரம் உட்கார்ந்து போட்டது. "அதுதான் சிக்கலே" என்றார் கூட வந்த நண்பர்.

வண்டி 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், ஓபிடி (வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு) வருவதற்கு முந்தைய காலத்தது. கம்பெனி ஈசியுவை, அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரை, கழற்றிவிட்டு மெகாஸ்குவர்ட் என்ற தனி ஈசியு போட்டிருக்கிறேன். இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 550 சிசி, முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு. மூன்றாவது முறைதான் தேறியது. அதற்குள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஹால்டெக், லிங்க், ஸ்பீடுயினோ என்று உங்களிடம் எது இருந்தாலும் மெனுவின் பெயர்தான் மாறும், வேலை இதுதான்.

மேப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். டியூனிங் செய்கிறவர்கள் உயிரைக் கொடுத்துச் சரிசெய்வது எந்தப் பகுதியை? முழு ஆக்ஸிலேட்டர், 4000 ஆர்பிஎம்முக்கு மேல். பரிசோதனைக் கருவி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் 800 முதல் 3000 ஆர்பிஎம் வரை, இன்டேக் மெனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம் 30 முதல் 45 கிலோபாஸ்கல் வரை. என் மேப்பின் 256 கட்டங்களில் அது இருபதைத் தாண்டாது. ரோலர் மேல் ஏற்றிச் சுமை கொடுத்துப் பார்க்கும் இடங்களில் இன்னும் கொஞ்சம் மேலே போகும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அளப்பார்கள். அப்போதும் முழு ஆக்ஸிலேட்டர் பக்கம் போக மாட்டார்கள். ஆகவே, "பவரைக் குறைத்தால்தான் பாஸ் ஆகும்" என்பது வீண் பேச்சு. பவர் இருக்கும் கட்டங்களை நான் மூன்று முறையும் தொடவே இல்லை. "ஸ்டார்ட் ஆகுது, நிக்குது, போதும்" என்று விட்டுவைத்திருந்த மூலைதான் என்னைத் தோற்கடித்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கு ஒரு மேப், சாலைக்கு ஒரு மேப், நடுவில் ஒரு சுவிட்ச் என்று யோசனை வரும். எனக்கும் வந்தது. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது இதே வேலைக்குத்தான்; அவர்களிடம் சுவிட்ச்கூட இல்லை, பரிசோதனை நடக்கிறது என்று மென்பொருளே கண்டுபிடித்துக்கொண்டது. அது மோசடி. அதைவிட, தேவையே இல்லாத மோசடி.

சீட்டைப் படிப்பது

ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, ஜோடி சேர்த்துப் பாருங்கள். மோனாக்சைடு ஏறி லாம்டா 1-க்குக் கீழே இருந்தால் பெட்ரோல் அதிகம், அதில் சந்தேகம் வேண்டாம். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், எங்கோ ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுகிறது: பிளக், காயில், அல்லது கலவை மெலிந்து மிஸ் ஆகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் அதிகம் என்றால் மெலிந்த கலவை, அளவுக்கு மீறிய இக்னிஷன் அட்வான்ஸ் (பிளக் முன்கூட்டியே எரிய வைப்பது), அல்லது இருந்த ஈஜிஆரை (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) கழற்றிப் போட்டது. ஆக்சிஜன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்து மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால் எஞ்சினைத் தொடாதீர்கள், குழாயைப் பாருங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலைதான் இரண்டாவது தோல்வி. மோனாக்சைடு 0.2, ஹைட்ரோகார்பன் 60, பார்க்க அழகான எண்கள். ஆனால் ஆக்சிஜன் 1.5, லாம்டா 1.06. மேப் மெலிந்துவிட்டது என்று நினைத்து அன்று ராத்திரி பெட்ரோலைக் கூட்டப் போனேன். நல்லவேளையாக லாக்கில் (ஓடும்போது ஈசியு பதிந்து வைத்த அளவுகளில்) லாம்டா 1.00 என்றே இருந்தது. கருவி லாம்டாவை நேராக அளப்பதில்லை. வெளியே வரும் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரோகார்பன், ஆக்சிஜன் நான்கையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. சைலன்சர் ஜாயிண்டில் ஒரு சின்ன ஓட்டை. புகை துடிப்பு துடிப்பாக வருவதால் நடுவில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. ஒரு கிளாம்ப் மாற்றியதும் அது தீர்ந்தது.

இதே ஓட்டை ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் கதை தலைகீழ். சென்சார் காற்றைப் பார்த்து "மெலிந்திருக்கிறது" என்று சொல்லும், ஈசியு நம்பிப் பெட்ரோலைக் கூட்டும், மோனாக்சைடு ஏறும்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்

கசிவு பார்ப்பது எளிது. திறந்த வெளியில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் டெயில் பைப்பைத் தடித்த துணியால் சில வினாடி அடைத்துப் பிடிக்க, இன்னொருவர் வண்டி நெடுகக் காது வைத்தால் "டிக் டிக்" என்று கேட்கும். மூடிய ஷெட்டில் இதைச் செய்யாதீர்கள்.

எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள். பல மாதம் பெட்ரோல் அதிகமாக ஓடிய வண்டியின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். சூடானதும் அந்த ஆவி பிசிவி (ஆயில் பகுதியின் ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு) வழியாகத் திரும்ப எஞ்சினுக்குள் வந்து, நீங்கள் போட்ட மேப்பைக் கேலி செய்யும். பிளக், ஏர் ஃபில்டர் சொல்லவே வேண்டாம்.

கன்வெர்ட்டர் இல்லாமல் நேர்க்குழாய் போட்டிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். எந்த மேப்பும் அதை ஈடுசெய்யாது.

முதலில் சென்சாரை நம்பலாமா என்று பாருங்கள்

என் முதல் தோல்வியின் மூலகாரணம் இது, அதனால் கொஞ்சம் விரிவாக. டாஷ்போர்டில் வைட்பேண்ட் மீட்டர் (புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு லாம்டாவை எண்ணாகக் காட்டுவது) வைத்திருந்தேன், அதிலிருந்து ஒரு வயர் ஈசியுவுக்குப் போகிறது. மீட்டர் ஐடிலிங்கில் 0.96 காட்டும், மடிக்கணினியில் லாக் 1.00 காட்டும். எதை நம்புவது? கம்ப்யூட்டர்தானே சரியாக இருக்கும் என்று லாக்கை நம்பி மேப் போட்டேன். தப்பு. வைட்பேண்டின் எர்த் வயரை பாடியில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தேன். ஈசியுவின் எர்த் எஞ்சினில். இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட் வித்தியாசம். என் வைட்பேண்ட் கன்ட்ரோலரில் ஒரு வோல்ட் என்பது கலவை விகிதத்தில் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது) 3 எண், ஆக 0.2 வோல்ட் என்றால் 0.6. சரியான விகிதமான 14.7-இல் 0.6 என்பது 4 சதவீதம். இல்லாத மெலிவை நான் வாரக்கணக்கில் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறேன்!

வைட்பேண்டின் சிக்னல் எர்த்தை ஈசியுவின் சென்சார் எர்த்திலேயே சேருங்கள். சேர்த்த பிறகு மீட்டரும் லாக்கும் ஒரே எண் காட்ட வேண்டும், ஹெட்லைட் போட்டாலும்.

எண்ணை லாம்டாவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. 14.7 என்பது சுத்தமான பெட்ரோலுக்கு. 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் சரியான விகிதம் 14.1 பக்கம் இறங்கிவிடும். லாம்டாவில் இரண்டுமே 1.00.

பெரிய இன்ஜெக்டர், சின்னத் துடிப்பு

என் வண்டியில் ஐடிலிங்கில் ஒரு சிலிண்டருக்கு ஒரு சுழற்சியில் தேவைப்படும் பெட்ரோலுக்கு 550 சிசி இன்ஜெக்டர் 1.3 மில்லிசெகண்ட் திறந்திருந்தால் போதும். நான் சுழற்சிக்கு இரண்டு தெளிப்பு என்று வைத்திருந்தேன், ஆக ஒவ்வொன்றும் 0.65. இதனோடு டெட் டைம் என்று ஒன்று சேரும்: இன்ஜெக்டருக்கு மின்சாரம் கிடைத்ததிலிருந்து ஊசி உண்மையில் திறக்கும்வரை வீணாகும் நேரம், என் இன்ஜெக்டருக்கு 0.9 மில்லிசெகண்ட் பக்கம். வேலை செய்யும் நேரத்தைவிட வீணாகும் நேரம் அதிகம்! டெட் டைமில் 0.1 தப்பாகப் போட்டால் பெட்ரோலில் 15 சதவீதம் தப்பு. அதே 0.1 முழு ஆக்ஸிலேட்டரில் மூன்று, நான்கு சதவீதம்தான் வரும். அதனால்தான் டியூனிங்கின்போது அது கண்ணில் படுவதே இல்லை.

சரிபார்க்க ஒரு எளிய வழி. குளோஸ்டு லூப்பை (சென்சார் சொல்வதைப் பார்த்து ஈசியு தானே பெட்ரோலைத் திருத்துவது) அணைத்துவிட்டு, சூடான எஞ்சினில், தெளிப்பை இரண்டிலிருந்து ஒன்றாக மாற்றுங்கள். டெட் டைம் சரியென்றால் லாம்டா அசையாது. அசைந்தால், எந்தப் பக்கம் என்று பார்த்து டெட் டைமைக் கூட்டியோ குறைத்தோ, இரண்டு நிலையிலும் ஒரே லாம்டா வரும்வரை திருத்துங்கள். பிறகு ஒன்றிலேயே விட்டுவிடுங்கள். துடிப்பு நீளமானால் மிச்சமிருக்கும் பிழையும் பாதியாகும்.

அப்புறம் வோல்டேஜ். மின்னழுத்தம் குறைந்தால் ஊசி மெதுவாகத் திறக்கும், டெட் டைம் நீளும். இரண்டாவது தோல்விக்குப் பிறகு லாக்குகளைப் புரட்டும்போதுதான் பார்த்தேன்: ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் 14.1-இலிருந்து 13.2-க்கு இறங்குகிறது, லாம்டா 1.06-க்குத் தாவுகிறது. பரிசோதனையில் வண்டி நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடும். ஃபேன் ஓடாமல் இருக்குமா? ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போட்டும் அணைத்தும் பார்த்து, வோல்டேஜ் திருத்த அட்டவணையை லாம்டா நகராத அளவுக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்த மாலை அதுதான்.

குளோஸ்டு லூப்

பலர் 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே குளோஸ்டு லூப்பை அணைத்து வைத்திருப்பார்கள், ஐடிலிங் ஊசலாடுகிறது என்று. நானும்தான். ஆனால் மூவழிக் கன்வெர்ட்டர் மூன்று நச்சையும் சேர்த்து அழிப்பது லாம்டா 1-ஐ ஒட்டிய ஒரு சதவீத அகலத்துக்குள்தான். கொஞ்சம் மெலிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிக்கும், கொஞ்சம் தடித்தால் மோனாக்சைடு தப்பிக்கும். வெறும் அட்டவணையை வைத்துக்கொண்டு அந்த அகலத்துக்குள் நிற்க முடியாது. இன்றைய காற்று நேற்றையது அல்ல.

முதலில் திருத்தம் இல்லாமலேயே லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் வரும்படி அடிப்படை அட்டவணையைச் சரிசெய்யுங்கள். பிறகு குளோஸ்டு லூப்பைப் போடுங்கள்: கூலன்ட் 70 டிகிரிக்கு மேல், திருத்தும் உரிமை 10 சதவீதம், ஒரு அடிக்கு 1 சதவீதம். ஊசலாட்டம் வருவது ஈசியு அவசரப்படுவதால். ஐடிலிங்கில் புகை மெதுவாக நகர்கிறது, எஞ்சினில் செய்த மாற்றம் சென்சாருக்குத் தெரியவே நேரம் ஆகும். அது தெரிவதற்குள் இன்னொரு திருத்தம் போட்டால் ஆடத்தான் செய்யும். திருத்தங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கூட்டினால் அடங்கிவிடும். சின்ன ஊசலாட்டம் இருந்தால் கவலை வேண்டாம். கன்வெர்ட்டரில் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைச் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும், அதனால் 1-ஐ நடுவாக வைத்து ஆடுவது அதற்குப் பழகிய விஷயம். வைட்பேண்ட் என்றால் நான் இலக்காக வைப்பது 0.995.

மீதி அட்டவணைகள்

ஐடிலிங் டைமிங்கை (பிளக் எவ்வளவு முன்கூட்டி எரிய வைக்கிறது என்பதை) 22 டிகிரியில் வைத்திருந்தேன், 12-க்கு இறக்கினேன். எரிப்பு தாமதமாவதால் புகை சூடாக வெளியேறும், மிச்ச ஹைட்ரோகார்பன் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டிலேயே எரியும், கன்வெர்ட்டரும் சூடாக இருக்கும். ஐடிலிங் இறங்காமல் இருக்கக் காற்று அதிகம் விட வேண்டும். இன்டேக் அழுத்தம் 33-இலிருந்து 40 கிலோபாஸ்கலுக்கு ஏறியது, அதனால் இன்ஜெக்டர் துடிப்பும் நீண்டது. பெரிய கேம் போட்டவர்கள் ஐடிலிங்கை 100, 150 ஆர்பிஎம் கூட்டிப் பாருங்கள். ஓவர்லாப்பில் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தில்) நழுவும் பெட்ரோல் குறையும். ஆனால் உங்கள் வண்டிக்குச் சொல்லியிருக்கும் ஐடிலிங் எல்லையைத் தாண்டாதீர்கள்.

வார்ம்-அப் அட்டவணை (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தருவது) எந்த வெப்பநிலையில் 100 சதவீதத்துக்கு வருகிறது என்று பாருங்கள். நண்பர் ஒருவர் ரேஸ் வண்டிக்கான 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டிருந்தார். அவர் அட்டவணை முடிவது 85 டிகிரியில். அவர் எஞ்சின் வாழ்நாளில் வார்ம்-அப்பை முடித்ததே இல்லை.

ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட்டில் (ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் தருவது) ஒரு சின்னக் கண்ணி உண்டு. 2500-இல் பிடித்து வைக்கும்போது பரிசோதிப்பவரின் கால் லேசாக நடுங்கும், த்ராட்டில் சென்சாரிலும் இரைச்சல் இருக்கும். அதைத் தூண்டும் வரம்பு தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு கவளம் பெட்ரோல் உள்ளே போகும். நிலையாகப் பிடித்தபோது வரும் இரைச்சலை லாக்கில் பார்த்து, அதற்கு மேல் வரம்பை வையுங்கள்.

ஓபிடி உள்ள வண்டி என்றால்

இங்கே ஆட்டம் வேறு. அமெரிக்காவில் 1996 முதல், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் வந்த ஏற்பாடு இது. பல இடங்களில், வண்டி தன்னைத்தானே சோதித்து வைத்திருக்கும் விடையைச் சொருகியைப் போட்டுக் கேட்பார்கள். அங்கே தனி ஈசியு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்றால் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தேறாது. இப்படிப்பட்ட வண்டியில் கம்பெனி ஈசியுவை வைத்துக்கொண்டு அதையே ரீஃபிளாஷ் செய்வதுதான் (உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதுவதுதான்) வழி.

ரீஃபிளாஷ் செய்ததும் ரெடினெஸ் மானிட்டர்கள் (எந்தச் சுயசோதனை முடிந்தது என்று காட்டும் குறிகள்) எல்லாம் "முடியவில்லை" என்று ஆகிவிடும். கோடு (ஈசியு பதிந்து வைத்த கோளாறு எண்) அழித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் அப்படித்தான். பரிசோதனைக்கு முந்தின நாள் கோடு அழிப்பவர்கள் இதனால்தான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சில நாள் சாதாரணமாக ஓட்டுங்கள்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் குளிராக ஸ்டார்ட் செய்வது, ஐடிலிங், நெடுஞ்சாலையில் சீராகப் போவது, பிரேக் போடாமல் காலை எடுத்து வேகம் குறைய விடுவது. பெரும்பாலும் கடைசியாக முடிவது ஈவாப், அதாவது டேங்கின் பெட்ரோல் ஆவி கசிகிறதா என்ற சோதனை. டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது ஓடவே ஓடாது, பாதியில் வையுங்கள். மலிவான ஸ்கேனரிலேயே எது முடிந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். ஃபியூயல் ட்ரிம்மையும் (ஈசியு பெட்ரோலில் செய்யும் திருத்தம்) அதிலேயே பாருங்கள், 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

பி0420 கோடு (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது) வராமல் மென்பொருளில் அணைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். அணைத்தால் அந்த மானிட்டர் "இல்லை" என்று காட்டும், அந்த மாடலில் அது இருக்க வேண்டும் என்று கருவிக்குத் தெரியும். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை முதல் ஈசியு மென்பொருளின் அடையாள எண்ணையே கேட்டு, கம்பெனி எண்ணோடும் அனுமதி பெற்ற டியூன்களின் எண்ணோடும் ஒப்பிடுகிறார்கள். அங்கே அனுமதி இல்லாத மேப் சுத்தமாக ஓடினாலும் தோல்விதான். உங்கள் ஊரின் விதியை ரீஃபிளாஷுக்கு முன்பே படியுங்கள், கம்பெனி ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

அன்றைய தினம்

கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்குவதே 250, 300 டிகிரிக்கு மேல். இருபது நிமிடம் நன்றாக ஓட்டிவிட்டு நேராகப் போங்கள். வரிசையில் ஐடிலிங்கில் நின்றால் ஆறிவிடும். உங்கள் முறை வருவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் 2500-இல் பிடித்து வையுங்கள். மடிக்கணினியை இணைத்து லாக் எடுங்கள். தோற்றாலும் அந்த நேரத்து லாக் கையில் இருந்தால் அடுத்த முறை பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்றாவது முறை நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், கண் திரையில். 2500-இல் மோனாக்சைடு 0.08, ஹைட்ரோகார்பன் 35, லாம்டா 1.005. பிறகு ஐடிலிங் அளவு எடுக்கும்போது, சரியாக அந்த நேரத்தில், ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தது. வோல்டேஜ் 13.2-க்கு இறங்கியது. லாம்டா 1.008 வரை போய், திரும்பி 1.00-க்கு வந்து நின்றது. பிரின்டர் ஓடியது.